பாறை இடுக்கில் திரும்பாத சக்கரம்: ஒரு கிராலருக்கு ஸ்டியரிங் சர்வோ தேர்ந்தெடுத்த விவரம்

அக்கா மகன் தன் கிராலரை, அதாவது பாறைகளில் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தபோது இரவு ஏழு மணி இருக்கும். "மாமா, தரையில ஓட்டினா நல்லாத்தான் திரும்புது. பாறை மேல ஏத்தினா திரும்ப மாட்டேங்குது. பெரிய சர்வோ வாங்கிப் போட்டுடலாமா?" என்றான். சர்வோ என்பது முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும் சின்ன கியர் மோட்டார். போனில் மூன்று சர்வோக்களின் படத்தைக் காட்டினான். ஒன்று 25 கிலோ, ஒன்று 35 கிலோ, இன்னொன்று 60 கிலோ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் 60-ஐயே வாங்கிவிடலாமே என்பது அவன் கணக்கு.

நான் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவன். ரேடியோவில் ஓடும் வண்டிகள் எனக்கு அவனால்தான் பழக்கம். இந்த வண்டியில் அடுத்த ஐந்து வாரங்களில் நாங்கள் அளந்தது, வாங்கியது, தவறாகச் செய்தது, பிறகு சரிசெய்தது எல்லாவற்றையும் அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். சர்வோ வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டுவதை நிறையப் பார்த்துவிட்டேன். அதுதான் எழுதத் தூண்டியது.

வண்டியும் பாறையும்

வண்டி 1:10 அளவு. பேட்டரியோடு 3.2 கிலோ எடை. பாறையில் ஏறும்போது முன்பக்கம் தூக்காமல் இருக்க, முன் அச்சில் பித்தளை எடைகள் 400 கிராம் சேர்த்திருந்தான். 1.9 அங்குல ரிம், 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெத்தென்ற டயர். 3 செல் லிப்போ பேட்டரி. சர்வோ முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டியோடு வந்த சர்வோவின் அளவு 6 வோல்ட்டில் 9 கிலோ.

இந்தக் கிலோ என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 9 கிலோ சர்வோ 9 கிலோவைத் தூக்கும் என்று அர்த்தமில்லை. சர்வோவின் அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி அது கொடுக்கும் அதிகபட்ச விசை 9 கிலோ. 2 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அதுவே நாலரைக் கிலோதான். பேச்சு வழக்கில் சென்டிமீட்டரை விட்டுவிட்டு வெறும் கிலோ என்கிறோம். அந்த விட்டுப்போன சென்டிமீட்டர்தான் இந்தக் கதையின் பாதி.

இன்னொன்று, அந்த 9 கிலோ சர்வோ அசையாமல் முட்டி நிற்கும்போது கிடைக்கும் எண். அந்த நிலைக்கு ஸ்டால் என்று பெயர். அந்த விசையைக் கொடுக்கும்போது சர்வோ திரும்பாது, சூடாகும். அவ்வளவுதான்.

கிராலருக்கு ஏன் இவ்வளவு விசை? வேகமாக ஓடும் பந்தய வண்டிக்கு இது வேண்டாம். டயர் உருண்டுகொண்டே இருப்பதால் லேசாகத் திரும்பிவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய அம்பாசடரை ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் தோள் கழன்றுவிடும், ஓரடி உருளவிட்டு ஒடித்தால் சுலபமாக வரும். கிராலர் பெரும்பாலும் நின்ற இடத்தில்தான் ஒடிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு அதன் டிஃபரன்ஷியல் பூட்டியது. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், திருப்பத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். மெத்தென்ற டயர் அந்தத் தேய்ப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பாறையும் லேசுப்பட்டதல்ல. செங்கல்பட்டுப் பக்கம் கிடைக்கும் கருநீலச் சாயல் கொண்ட கடினக் கல், சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் வைத்த பெயர் அது. வெயிலும் மழையும் அரித்த அதன் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மணற்பாறையில் டயர் கொஞ்சம் பொடி உதிர்ந்து வழுக்கிக் கொடுக்கும். இந்தக் கல் கொடுக்காது. ஏறுவதற்கு அருமையான கல். அதே காரணத்தால்தான் நின்ற இடத்தில் ஒடிப்பதற்குக் கஷ்டம்.

முதலில் தராசு

60 கிலோ வாங்கலாமா என்ற கேள்விக்கு, "வண்டிக்கு எத்தனை கிலோ வேணும்னு முதல்ல பாப்போம்டா" என்றேன். எங்கள் வீட்டில் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டோம்.

சர்வோவின் அச்சில் மாட்டும் சின்னக் கைக்கு ஹார்ன் என்றும், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிக்கு டிராக் லிங்க் என்றும் பெயர். அதை ஹார்னிலிருந்து கழற்றி, அதன் நுனியில் தராசின் கொக்கியை மாட்டினோம். சர்வோ எந்தத் திசையில் இழுக்குமோ அதே திசையில் மெதுவாக இழுத்தால், சக்கரம் திரும்பத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எண்தான் தேவைப்படும் விசை. அவன் வண்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டான், நான் இழுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை இழுத்துப் பெரிய எண்ணைக் குறித்தோம்.

கடையின் மொசைக் தரையில் 1.8 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறையின் சமமான பரப்பில் 3.4 கிலோ. அப்புறம், அவன் எப்போதும் மாட்டிக்கொள்ளும் அந்த இடுக்கு. இரண்டு பாறைகளுக்கு நடுவே முன் இடது சக்கரம் பாதி இறங்கி, பக்கச்சுவரில் டயரின் தோள் அழுந்தி நிற்கும். அங்கே 8.5 கிலோ.

பழைய ஹார்னின் நீளம், அச்சின் மையத்திலிருந்து துளையின் மையம் வரை, 20 மில்லிமீட்டர். ஆகவே மொசைக் தரைக்கு 1.8 பெருக்கல் 2, அதாவது 3.6 கிலோ போதும். பாறைப் பரப்புக்கு 6.8. இடுக்குக்கு 17. பழைய சர்வோவின் மொத்தச் சக்தியே 9. தரையில் ஏன் நன்றாகத் திரும்பியது, பாறையில் ஏன் முக்கியது, இடுக்கில் ஏன் அசையவே இல்லை என்ற மூன்று கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வீட்டு ஹாலில் ஓட்டிப் பார்த்து "சர்வோ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதும் தெரிந்தது.

17 தேவை என்றால் 17 கிலோ சர்வோ வாங்க முடியாது. சாதாரண டி.சி. மோட்டாரின் இயல்பு இது: சுமையில்லாதபோது முழு வேகம், ஸ்டாலில் வேகம் பூஜ்யம், நடுவில் ஒரு நேர்கோடு. ஸ்டால் விசையில் பாதிச் சுமை இருக்கும்போது பாதி வேகத்தில் சுற்றும், அப்போதுதான் அது அதிகபட்ச வாட்டை வெளியே கொடுக்கும். அதற்கு மேல் போனால் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாக வீணாகும். அதனால் வேலையில் வரும் மிகப் பெரிய சுமை, ஸ்டால் விசையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். 17-க்கு இரட்டிப்பு 34. ஆக 35 கிலோ சர்வோ.

பெட்டியில் போட்ட எண்ணை நம்புவது எப்படி

அடுத்தது எந்த 35 கிலோ என்பது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. சர்வோ பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விசை, இன்னொன்று 60 பாகை திரும்ப ஆகும் நேரம். இந்த இரண்டையும் வைத்தே அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

7.4 வோல்ட்டில் 35 கிலோ, 0.12 வினாடி என்று ஒரு சர்வோ சொல்கிறது என்று வையுங்கள். 35 கிலோ சென்டிமீட்டர் என்பது 3.43 நியூட்டன் மீட்டர். 60 பாகையை 0.12 வினாடியில் கடந்தால் வினாடிக்கு 8.7 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 30 வாட். மோட்டார் ஸ்டாலில் நிற்கும்போது குறைந்தது இவ்வளவு வாட்டை அது பேட்டரியிலிருந்து இழுத்தே ஆக வேண்டும். 30-ஐ 7.4-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். கியர்களின் உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று எடுத்துக்கொண்டால் 6 ஆம்பியர்.

அதே 35 கிலோ, ஆனால் 0.17 வினாடி என்று சொல்லும் இன்னொரு சர்வோ? வினாடிக்கு 6.16 ரேடியன், 21 வாட், உராய்வோடு சேர்த்து சுமார் 4.3 ஆம்பியர். விசையில் குறைவில்லை. மின்சாரத்தில் மட்டும் முப்பது சதவீதத்துக்கு நெருக்கமாகக் குறைகிறது. பந்தய வண்டிக்காரருக்கு 0.12-க்கும் 0.17-க்கும் உள்ள வித்தியாசம் உயிர். நடை வேகத்தில்கூடப் போகாத கிராலருக்கு அது ஒன்றுமே இல்லை. கிராலருக்கு சர்வோ வாங்குபவர் மெதுவான சர்வோவைத் தேடி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. கடைகளில் வேகமானதைத்தான் உயர்ந்ததாகக் காட்டுவார்கள், விலையும் அதற்குத்தான் அதிகம்.

இதே கணக்கை அவன் போனில் இருந்த 60 கிலோ சர்வோவுக்கும் போட்டோம். 6 வோல்ட்டில் 60 கிலோ, 0.10 வினாடி, ஸ்டால் மின்சாரம் 2 ஆம்பியர் என்று விவரத்தில் இருந்தது. 5.88 நியூட்டன் மீட்டர், 10.5 ரேடியன், ஏறக்குறைய 62 வாட். 6 வோல்ட்டில் 62 வாட் என்றால் 10 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதுவும் உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டால்! 2 ஆம்பியரில் 12 வாட்தான் உள்ளே போகும். தேவைப்படும் வாட்டில் அது ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று எண்களில் ஏதோ ஒன்று, அல்லது இரண்டு, பொய். அக்கா மகன் பேசாமல் அந்தப் படத்தை அழித்தான்.

எந்த வோல்ட்டில் அந்த எண் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டியின் முகப்பில் பெரிதாக 35 என்று போட்டுவிட்டு, அது 8.4 வோல்ட்டில்தான் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். விசை ஏறக்குறைய வோல்ட்டுக்கு ஏற்பவே குறையும். 8.4-இல் 35 என்றால் 6-இல் 25.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகவே பார்த்தோம். கியர் உலோகமாக இருக்க வேண்டும், கடைசிக் கியராவது எஃகாக இருந்தால் நல்லது. நைலான் கியர் பாறைக்கு ஆகாது. கோர்லெஸ் மோட்டாரா பிரஷ்லெஸ்ஸா என்பதில் கிராலருக்குப் பெரிய அக்கறை வேண்டாம், பிரஷ்லெஸ் நீண்ட நாள் உழைக்கும், விலை கூடுதல். மழைநீர்க் குட்டையில் இறங்கும் வண்டி என்பதால் மூடி இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம். வெளி அச்சில் 25 பல் இருப்பது அவசியம் என்றேன், ஏனென்றால் நல்ல அலுமினிய ஹார்ன்கள் அந்த அளவில்தான் எளிதாகக் கிடைக்கின்றன. 23 பல், 24 பல் சர்வோக்களும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மாட்டும்போதுதான் தெரியும்.

முடிவில் 7.4 வோல்ட்டில் 35 கிலோ, 0.17 வினாடி, எஃகுக் கியர், 25 பல் என்று ஒன்றை வாங்கினோம்.

நான் செய்த தவறு

சர்வோ வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ஒரு நாளைக்குச் சும்மா போட்டுப் பாப்போம்" என்றான். நானும் சரி என்றேன். அதுதான் தவறு.

இந்த வண்டியில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள்ளேயே ஒரு சின்ன மின்சப்ளை இருக்கிறது. பி.இ.சி. என்பார்கள். 11 வோல்ட் பேட்டரியை 6 வோல்ட்டாக்கி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுப்பது அதன் வேலை. அதன் தாங்கும் திறன் 3 ஆம்பியர். பழைய 9 கிலோவுக்கு அது தாராளம். புதியது 6 வோல்ட்டில் முட்டி நின்றால் மூன்றரை ஆம்பியர் இழுக்கும் என்று என் கணக்கே சொல்லியிருந்தது. தெரிந்தும் மாட்டினேன்.

சமமான பாறையில் அருமையாக ஒடித்தது. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு இடுக்குக்குப் போனோம். சக்கரம் சுவரில் அழுந்தியது, அவன் முழுசாக ஒடித்தான். ஒரு நொடி. வண்டி மொத்தமும் செத்துப்போனது. ஸ்டியரிங் இல்லை, மோட்டார் பிடிப்பு இல்லை. சரிவில் நின்ற வண்டி பின்னால் உருண்டு, ஆறடி உயரத்திலிருந்து புரண்டு விழுந்தது. கீழே போய் எடுப்பதற்குள் ரிசீவரின் விளக்கு மறுபடி எரிந்தது, இ.எஸ்.சி. தொடக்க ஒலி எழுப்பியது, எல்லாம் வழக்கம்போல வேலை செய்தன. பாடியின் பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் உடைந்திருந்தது.

"இ.எஸ்.சி. போச்சு மாமா" என்றான். பலரும் இந்த இடத்தில் அப்படித்தான் நினைத்து, நல்ல இ.எஸ்.சி.யைக் கழற்றிப் புதிது வாங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடைக்கு வந்து ரிசீவரின் காலியான முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 6.0 வோல்ட். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஒடிக்கச் சொன்னேன். மீட்டர் 5.7 என்று காட்டி மறுபடி 6.0-க்கு வந்தது. மீட்டரைப் பார்த்தால் குற்றமே இல்லை. ஆனால் சாதாரண மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், அதற்குள் நடந்து முடிவதை அது சராசரியாக்கி மறைத்துவிடும். அதனால் வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை எடுத்தேன். சக்கரம் முட்டிய மாத்திரத்தில் 6 வோல்ட் கோடு செங்குத்தாக 3.1 வோல்ட்டுக்கு விழுந்து, பல் பல்லாக ஏறி இறங்கியது. அந்த அளவில் ரிசீவருக்குள் இருக்கும் சில்லு தாக்குப்பிடிக்காது. அது தன்னை நிறுத்திக்கொண்டு, மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து தொடங்குகிறது. டிரான்ஸ்மிட்டரோடு இணைப்பு மீண்டும் கிடைக்கும்வரை வண்டிக்கு எஜமான் இல்லை.

திரையைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்தது. "அப்போ சர்வோ ரிசீவர்கிட்ட இருந்து பிடுங்கிக்குதா?" என்று கேட்டான். ஆமாம், அதேதான்.

ரிசீவரில் ஒரு பெரிய கெப்பாசிட்டரைச் செருகினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கடையிலும் அதற்கென்றே விற்கிறார்கள். 4700 மைக்ரோ ஃபாரட் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். சும்மா இடமும் வலமும் ஒடிக்கும்போது ஏற்படும் திடீர் இறக்கங்கள் நன்றாகவே குறைந்தன. ஆனால் முட்டி நின்றபோது பலனில்லை. காரணம் எளிது. 2 ஆம்பியர் பற்றாக்குறை என்று வைத்தால், அந்தக் கெப்பாசிட்டர் 1 வோல்ட் இறங்குவதற்குள் 2.3 மில்லி வினாடிதான் தாங்கும். இடுக்கில் வண்டி முட்டி நிற்பது இரண்டு மூன்று வினாடி. குடம் தண்ணீரை வைத்து வயலுக்குப் பாய்ச்ச முடியாது.

தனிச் சப்ளை

வெளியே தனியாக வைக்கும் பி.இ.சி. ஒன்று வாங்கினோம், 10 ஆம்பியர் அளவு, வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளது. சுவிட்சிங் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். லீனியர் வகையாக இருந்தால் 11.1-க்கும் 7.4-க்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே சூடாக்கும், 4 ஆம்பியருக்கு அது 15 வாட். சின்ன சால்டரிங் அயனின் சூடு அது, வண்டியின் மூடிய பாடிக்குள்.

மாட்டுவதற்கு முன் வோல்ட்டை மீட்டரில் பார்த்து 7.4-இல் வைத்தேன். இதை மறந்தால் புதிய சர்வோ போய்விடும்.

வயரிங்கில் கவனம் வேண்டிய இடம் ஒன்று. சர்வோவின் மூன்று கம்பிகளில் சிவப்பை மட்டும் ரிசீவர் பிளக்கிலிருந்து கழற்றி, வெளி பி.இ.சி.யின் சிவப்போடு இணைத்தோம். கறுப்பு, சிக்னல் இரண்டும் ரிசீவருக்கே போகின்றன, அந்தக் கறுப்போடு வெளி பி.இ.சி.யின் கறுப்பும் சேர்கிறது. ரிசீவர் பழையபடி இ.எஸ்.சி.யின் 6 வோல்ட்டில் ஓடுகிறது. ஆகவே சர்வோ எவ்வளவு இழுத்தாலும் ரிசீவருக்குத் தெரியாது. இரண்டு சிவப்பையும் ரிசீவரில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் 6 வோல்ட்டும் 7.4 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதும், அதைச் செய்யவே கூடாது.

வயரின் கனத்தையும் மாற்றினேன். மெல்லிய 26 கேஜ் வயரில் 30 சென்டிமீட்டர் போய் வந்தால் 5 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் வழியிலேயே போகிறது. 22 கேஜில் 0.16 வோல்ட்தான். காசு கொடுத்து வாங்கிய விசையை வயரில் இழக்க எனக்கு மனமில்லை.

மறுபடி ஸ்கோப்பில் பார்த்தோம். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து முழுசாக ஒடித்தாலும் ரிசீவரின் 6 வோல்ட் கோடு அசையவில்லை. சர்வோ பக்கம் 7.4, 7.2-க்கு இறங்கியது, அவ்வளவுதான். ஓடும்போது அளந்த அதிகபட்ச மின்சாரம் 4.1 ஆம்பியர். நோட்டில் எழுதியிருந்த 4.3-க்குப் பக்கத்தில் வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

2 செல் பேட்டரியிலிருந்தும், சிலது 3 செல்லிலிருந்தும் நேரடியாக மின்சாரம் எடுக்கும் சர்வோக்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி பி.இ.சி. தேவையில்லை, வயரிங் சுத்தமாக இருக்கும். விலை அதிகம். புதிதாக வண்டி கட்டுபவர் அதை யோசிக்கலாம். ஆனால் 8.4 வோல்ட் என்று எழுதிய சர்வோவை 3 செல்லில் நேராகக் கொடுத்துவிடக் கூடாது, முழுதாகச் சார்ஜான 3 செல் 12.6 வோல்ட்.

ஹார்னும் கம்பியும்

பழைய ஹார்ன் பிளாஸ்டிக். அதற்குள் ஸ்பிரிங் வைத்த அமைப்பு, சர்வோ சேவர். வேகமாக ஓடும் வண்டி எதிலாவது மோதும்போது கியரைக் காப்பாற்ற வைத்தது. கிராலரில் அது கொஞ்சமும் வேண்டாம், சர்வோ ஒடித்தால் ஸ்பிரிங்தான் வளையும், சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அலுமினியத்தில், பக்கத்தில் திருகு வைத்து இறுக்கும் ஹார்னாக மாற்றினோம்.

இந்த ஹார்னில் மூன்று துளைகள் இருந்தன. மையத்திலிருந்து 15, 20, 24 மில்லிமீட்டர். இங்கேதான் முன்பு சொன்ன சென்டிமீட்டர் திரும்ப வருகிறது. 15 மில்லிமீட்டர் துளையில் மாட்டினால், இடுக்குக்குத் தேவையான 8.5 கிலோ விசைக்கு சர்வோ கொடுக்க வேண்டியது 17 அல்ல, 12.75-தான். பதிலுக்கு சர்வோ கூடுதலாகச் சுழல வேண்டும். இந்த வண்டியில் டிராக் லிங்க் பிடிக்கும் சக்கரக் கையின் நீளம் 20 மில்லிமீட்டர், 35 பாகை திரும்ப வேண்டும். ஹார்ன் 20 என்றால் சர்வோவும் 35 பாகை சுழன்றால் போதும், 15 என்றால் 50 பாகை. டிரான்ஸ்மிட்டரில் அந்த அளவைக் கூட்டிக்கொள்ள இடமிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 35 கிலோ சர்வோவை 20 மில்லிமீட்டர் ஹார்னில் போட்டால் கம்பியில் 17.5 கிலோ விசை. 25 கிலோ சர்வோவை 15 மில்லிமீட்டர் ஹார்னில் போட்டால் 16.7 கிலோ. ஏறக்குறைய ஒன்றுதான்! ஹார்னின் நீளத்தை மாற்ற முடியாத ஒன்றாக நினைத்து நான் கணக்குப் போட்டதால்தான் 35 தேவைப்பட்டது. ஹார்னிலிருந்து தொடங்கியிருந்தால் 25 கிலோவே போதும். மின்சாரமும் குறைந்திருக்கும்.

வாங்கியதை வாங்கியாகிவிட்டது. 35-ஐ 15 துளையில் மாட்டினோம், கம்பியில் 23 கிலோ விசை. அடுத்த ஞாயிறு அதே இடுக்கு. சக்கரம் சுவரைப் பிடித்தது, அவன் ஒடித்தான், வண்டி சாகவில்லை. சர்வோ மெல்லிய முனகலோடு திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. குனிந்து பார்த்தால் வண்டியோடு வந்த அலுமினிய டிராக் லிங்க் வில்லாக வளைந்து நிற்கிறது. இதுவரை சர்வோதான் பலவீனமாக இருந்தது, இப்போது கம்பி.

5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, உலோக முனைகள். அச்சில் சர்வோவைப் பிடிக்கும் தாங்கியையும் பிளாஸ்டிக்கிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினோம், ஏனென்றால் ஒடிக்கும்போது சர்வோவே முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. உலோகத்தில் உலோகம் இறங்கும் எல்லாத் திருகுகளிலும் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு.

எல்லைப் புள்ளி

கடைசி வேலை, சர்வோக்கள் பெரும்பாலும் சாகும் இடமும் இதுதான். சக்கரம் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் அச்சில் ஒரு தடுப்பு இருக்கும். சர்வோ அதற்கு மேலும் போக முயன்றால் அது நிரந்தரமாக முட்டிக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் வண்டி சும்மா ஒடித்து நிற்கிற மாதிரி தெரியும், உள்ளே மோட்டார் வெந்துகொண்டிருக்கும். பழைய சர்வோவைத் திறந்தபோது வந்த கருகிய எனாமல் வாசனைக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

டிரான்ஸ்மிட்டரில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியே எல்லை வைக்கலாம். கண்ணால் பார்த்து வைப்பதைவிட மின்சாரத்தைப் பார்த்து வைப்பது நல்லது. சர்வோவின் சிவப்புக் கம்பியில் அம்மீட்டரைத் தொடராக மாட்டி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, முழுசாக ஒடித்துப் பிடிக்கச் சொன்னேன். 1.9 ஆம்பியர். எல்லையை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வந்தான். 1.9, 1.4, 0.8, பிறகு சட்டென்று 0.2. அந்த இடத்தில் நிறுத்தினோம். தடுப்புக்கும் சக்கரக் கைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி. இதைச் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஓட்டினால் சர்வோ மேல் விரலை வைத்திருக்க முடியாது. இப்போது ஒரு பேட்டரி முழுக்க ஓட்டிய பிறகும் வெதுவெதுப்புதான்.

அந்த இடுக்கில் இப்போது வண்டி ஒடித்து, சுவரில் டயரை நட்டு, மேலே ஏறிவிடுகிறது. முதல் முறை ஏறியபோது அவன் போட்ட சத்தத்துக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின.

அவன் நண்பன் ஒருவன் அதே மாதிரி வண்டி வைத்திருக்கிறான். அவனுக்கு 25 கிலோ, 0.16 வினாடி சர்வோ, 15 மில்லிமீட்டர் ஹார்ன், எஃகுக் கம்பி என்று சொன்னோம். கணக்குப்படி ஸ்டாலில் 3 ஆம்பியரைத் தொடும் என்பதால் அவனுக்கும் தனி பி.இ.சி.தான், ஆனால் 5 ஆம்பியரில் சின்னதாகப் போதும் என்றேன். இரண்டு மாதமாக ஓடுகிறது. கியரைத் திறந்து பார்த்தேன், பல்லில் தேய்மானம் இல்லை, கிரீஸ் கறுக்கவில்லை.

அக்கா மகன் வண்டியின் பாடியைத் திருப்பினால் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறான்: "துளை 15. பி.இ.சி. 7.4. இடது 112, வலது 107." ஹார்னைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு எண்களை மட்டும் அடித்துவிட்டு, மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கிறான்.